கடமை நம் கையில், பெயர் கடவுள் கையில்

(தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. விழா மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



இதோ மேசை நிறையப் பரிசுகள். சிவப்புத்தாள் சுற்றி அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவற்றைப் பெறப்போகும் பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். உழைத்தீர்கள், பெற்றீர்கள். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நான் இன்று பேச வந்தது உங்களைப் பற்றி மட்டும் அல்ல. வகுப்புக்கு மூன்று பரிசு என்று வைத்தால், ஆறு வகுப்புக்கும் 18 பரிசுதான். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளோடும், அவர்களைப் பெற்றவர்களோடும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பரிசளிப்பு விழா முடிந்த பிறகு பள்ளி வாசலில் ஒரு பேச்சு எப்போதும் காதில் விழும். "ஏன் டீச்சர், எம் புள்ளயும்தானே ராத்திரி பத்து மணி வரைக்கும் படிச்சான்? அவனுக்கு ஒரு சோப்பு டப்பா கூடவா இல்ல?" என்று ஒரு தாய் கேட்பார். பக்கத்தில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். தாய் கேட்பது நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி அந்தப் பிள்ளையை வளர்ந்த பிறகும் விடாது. வேலைக்குப் போவான், பதவி உயர்வு பக்கத்து மேசைக்காரனுக்குப் போகும். நல்ல யோசனை இவன் சொல்வான்; பாராட்டு வேறொருவருக்குக் கிடைக்கும். அப்போதும் அவன் மனத்தில் "நானும்தானே உழைத்தேன்?" என்ற அதே கேள்வி எழும். அதற்கு ஒரு பதிலை இந்த வயதிலேயே நாம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

'உழைப்பை ஒழுங்காகச் செய், பலனை ஆண்டவனிடம் விட்டுவிடு' என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் சில பேர், "அப்படின்னா சும்மா கெடந்தா போதுமா? சாமி வந்து பரீட்சை எழுதுமா?" என்று சிரிப்பார்கள். வேறு சில பேர், "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். இரண்டு பேருமே பெரியவர்கள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். 'விட்டுவிடு' என்பதற்கு முன்னால் 'ஒழுங்காகச் செய்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை மறந்துவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நாம் வேதாந்தப் புத்தகம் எதையும் தேடிப்போக வேண்டாம். பால்மரக் காட்டுக்குப் போனால் போதும். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. என்றாலும் இந்தச் சபையில் பால் வெட்டிய கைகள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். விடியுமுன்பே எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். கத்தியைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். இவ்வளவும் தொழிலாளியின் வேலை. இதில் ஒன்று குறைந்தாலும் குற்றம் அவருடையது.

ஆனால் பால் வெட்டப் போகிற நேரத்தில் மழை கொட்டினால்? பட்டை நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தாலோ, மங்கில் விழுந்த பாலும் தண்ணீரோடு போய்விடும். அந்த மழையை நிறுத்த மண்டோராலும் முடியாது, கிராணியாலும் முடியாது, துரையாலும் முடியாது. மரத்துக்குள் எவ்வளவு பால் ஊற வேண்டும் என்று எந்த மனிதனும் உத்தரவு போட முடியாது. கன்றை நட்டால் ஆறு ஏழு ஆண்டு காத்திருந்துதான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். பால் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாகப்பிரிவினை தெரியும். கத்தி என்னுடையது, மழையும் மரமும் அவனுடையது. மழை பெய்த மறுநாள், "நேற்று மழை பெய்ததே, இன்றைக்கு எதற்குக் கத்தி தீட்ட வேண்டும்?" என்று எந்தத் தொழிலாளியும் கேட்டதில்லை. மறுபடியும் தீட்டிக்கொண்டுதான் போனார். நான் நம்பிக்கை என்று சொல்வது அதைத்தான்.

இன்னொரு செய்தியும் மரத்தில் இருக்கிறது. மரப்பட்டையில் பால் குழாய்கள் உட்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே கொஞ்சம் ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடுதலாக வரும். சில பேருக்கு ஆசை வரும். ஆனால் ஒரு மயிரிழை அதிகமாகப் போய், உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படையைக் கத்தி தொட்டுவிட்டால், மரம் காயப்பட்டுப் போகும். அந்த இடத்தில் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அதில் ஒழுங்காகக் கத்தி ஓடாது. இன்றைய வாளி நிறைந்தது. நாளைய மரம் கெட்டது. அதனால்தான் மண்டோர் ஒவ்வொரு மரமாக வந்து காயம் பார்ப்பார்.

பெயருக்காக ஓடுகிறவர்கள் செய்வதும் இப்படிப்பட்ட ஆழ வெட்டுதான். பாராட்டு உடனே வர வேண்டும் என்ற அவசரத்தில் பக்கத்துப் பையன் விடையை எட்டிப் பார்க்கிறான். வேலைக்குப் போன பிறகு அடுத்தவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்கிறான். மேலதிகாரி பார்க்கும்போது ஒரு வேகம், பார்க்காதபோது ஒரு வேகம். நண்பன் முன்னேறினால் வயிறு எரிகிறது. ஒரு நாள் வாளி நிறையத்தான் செய்யும். ஆனால் உள்ளே விழுந்த காயம் ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் புகழே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று வள்ளுவரே சொல்லவில்லை. திருக்குறளில் 24-ஆவது அதிகாரம் 'புகழ்'. ஆனால் அதை எங்கே வைத்தார் பாருங்கள். 23-ஆவது அதிகாரமாகிய 'ஈகை'க்கு அடுத்தபடியாக வைத்தார். கொடுப்பது முன்னால் போகட்டும், புகழ் பின்னால் வரட்டும் என்று எனக்குத் தோன்றும். 38-ஆவது அதிகாரத்தில் 'ஊழ்' பற்றிப் பேசி, மனிதன் கையில் இல்லாத ஒன்று உண்டு என்கிறார். அதே வள்ளுவர் 62-ஆவது அதிகாரத்தில் 'ஆள்வினை உடைமை' என்று முயற்சியைப் போற்றிப் பத்துக் குறள் பாடுகிறார். இரண்டையும் ஒரே புலவர் ஒரே நூலில் சொல்கிறார். ஊழ் இருக்கிறதே என்று முயற்சியை விடவும் கூடாது. முயன்றேனே என்று ஊழோடு சண்டை போட்டு மனம் உடையவும் கூடாது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் சொன்ன பூசலார் நாயனார் கதை.

தொண்டை நாட்டில் திருநின்றவூர் என்று ஓர் ஊர். அங்கே பூசலார் என்ற அடியவர் இருந்தார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் பணம் இல்லை. யார் யாரிடமோ கேட்டார், எங்கெங்கோ அலைந்தார். ஒரு காசு பெயரவில்லை. நம்மில் ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்போம்? "சாமிக்குத்தானே கேட்டேன், அவரே கண் திறக்கவில்லையே" என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பூசலாரும் வருந்தினார். ஆனால் வேலையை விடவில்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டுவது என்று முடிவு செய்தார்.

மனத்தில்தானே என்று ஒரே நாளில் கட்டி முடித்துவிட்டாரா? இல்லை. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பொருளை மனத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தார். சிற்பிகளைத் தேடினார். நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் போட்டார். இரவில்கூடக் கண் அயராமல் ஒவ்வொரு கல்லாக எழுப்பினார். சிகரம் வைத்தார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் கட்டினார், குளமும் வெட்டினார். யாரும் பார்க்காத வேலை. யாரும் பார்க்கவே முடியாத வேலை. அதில்கூட ஒரு கல்லையும் அவர் குறைக்கவில்லை. பிறகு குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

அதே காலத்தில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் பெரிய கற்றளி ஒன்றை எழுப்பி, அதே நாளைக் குறித்திருந்தான். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மனே அந்த மன்னன் என்பது அறிஞர்கள் கருத்து. முதல் நாள் இரவு மன்னன் கனவில் இறைவன் வந்தார். "நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை நாம் போகிறோம். உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள்" என்றார். மன்னன் திகைத்துப் போய் நின்றவூருக்கு வந்தான். "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்டான். ஊரார், "இங்கே அப்படி ஒரு கோயிலும் இல்லையே" என்றார்கள். பூசலாரையே கண்டு கேட்ட பிறகுதான் அது உள்ளத்தில் எழுந்த கோயில் என்று தெரிந்தது. படையோடு வந்த மன்னன் அந்த ஏழையின் காலில் விழுந்து வணங்கினான் என்கிறது புராணம்.

மன்னனை வரவழைக்கப் பூசலார் திட்டம் போடவில்லை. ஓலை அனுப்பவில்லை. கோயில் கட்டுவது மட்டுமே அவர் பங்கு. யாருக்கு எப்போது தெரிவிப்பது என்பதை இறைவன் தன் பங்காக வைத்துக்கொண்டான். இன்றைக்கும் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் சிவபெருமானுக்குக் கோயில் இருக்கிறது.

இது பழைய காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக்கே வருவோம். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியது. 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். இந்த 200 ஆண்டுக் கதையை எழுதினால், பெயர் தெரிந்தவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். பெயர் தெரியாதவர்கள்தாம் அதிகம். 1920-களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போது கற்பித்தவர்கள் யார்? பல இடங்களில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணி, அல்லது ஒரு கங்காணி. ஒரு கொட்டகை, சில பலகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர்களில் பெரும்பாலோருக்கு மாலை விழவில்லை, நிழற்படம் இல்லை. ஆனால் அவர்கள் பிடித்து எழுத வைத்த கை அடுத்த தலைமுறையின் கையைப் பிடித்தது. அந்த வரிசையின் கடைசியில்தான் இன்று இந்த மேடையும் இந்தப் பரிசும் வந்து நிற்கின்றன. தங்கள் பெயர் தெரிய வேண்டும் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் நம் பெயரை நாம் தமிழில் எழுதியிருக்க மாட்டோம்.

இன்னொருவரைச் சொல்கிறேன். மதர் மங்களம் என்று நாம் அன்போடு அழைத்த அம்மையார். சுவாமி சத்தியானந்தா பூச்சோங் சாலையில் நிறுவிய சுத்த சமாஜத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, படிக்க வைப்பது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் செய்கிற வேலைதான். அதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் பெறாத பிள்ளைகளுக்குச் செய்தார். முதுமையில் பட்டமும் விருதும் அவரைத் தேடி வந்தன. 2023-இல் தம் 97-ஆவது வயதில் மறைந்தார். அந்தப் பட்டங்கள் வராமலே போயிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தது வளர்ந்ததுதானே? அவர்கள் சாப்பிட்ட சோறு சாப்பிட்டதுதானே?

பெற்றோர்களே, பெயரும் பரிசும் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு நம் கண்முன்னே நடந்த ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 1988-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஏழு ஏ எடுத்த பிள்ளையின் படம் நாளிதழில் வரும். எடுக்காத பிள்ளை அழுதுகொண்டு அறைக்குள் படுத்திருக்கும். ஆறு ஏ எடுத்த பிள்ளைகூட அழும். எத்தனை வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை! 2020-இல் தொற்றுநோய் காரணமாகத் தேர்வு நடக்கவில்லை. 2021-இல் அந்தத் தேர்வையே நிறுத்திவிட்டார்கள். எந்த அளவுகோலால் நம் பிள்ளைகளை அளந்து, தூக்கியும் வைத்தோம், திட்டியும் தீர்த்தோமோ அந்த அளவுகோலே இன்று இல்லை. ஆனால் அன்று அந்தப் பிள்ளை கற்ற கணக்கும், வாசிக்கப் பழகிய தமிழும் இன்றும் அவனிடம் இருக்கின்றன. படிப்பு நிற்கும், பட்டியல் மாறும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பலனை ஆண்டவனிடம் விடச் சொன்னேன் என்பதற்காக, "கொடுக்கிற கூலியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு" என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலி வேறு, புகழ் வேறு. உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது நியாயம்; அதைக் கேட்பது உரிமை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது நம் முன்னோர்கள் கேட்டது மாலையும் மரியாதையும் அல்ல. பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைக்கத்தக்க சம்பளம். கேட்க வேண்டியதைத் தலைநிமிர்ந்து கேளுங்கள். தவறு நடந்தால் சொல்லுங்கள். இறை நம்பிக்கை உள்ளவன் மனிதனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நாலு பேர் நம்மைப் புகழவில்லையே என்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அது எந்தச் சங்கமும் வாங்கிக் கொடுக்க முடியாத கூலி.

மண்டோர் வேலை நமக்கு வரும் என்று இருபது ஆண்டு காத்திருந்து, நேற்று வந்தவருக்கு அது போனதைப் பார்த்த தகப்பன்மார் இந்தச் சபையில் இருக்கக்கூடும். அவர்களுக்கு நான் என்ன சொல்ல? வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை ஆண்டவன் முன்னால் கொட்டிவிடுங்கள். மனைவி மக்கள் மேல் கொட்டாதீர்கள். உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்குப் பதவி கிடைத்ததா என்று அவன் பார்க்கவில்லை. கிடைக்காதபோது மறுநாள் காலையில் அப்பா எப்படி எழுந்து போனார் என்று பார்க்கிறான். அவன் மனத்தில் ஆயுசுக்கும் நிற்கப்போவது அந்தக் காலைதான்.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பரிசு வாங்கிய பிள்ளையிடம், "கெட்டிக்காரன்டா நீ" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். "உனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பியா?" என்று கேளுங்கள். பரிசு வாங்காத பிள்ளையிடம், "அவனப் பாரு, உன்னப் பாரு" என்ற பாட்டை இன்று ஒரு நாளாவது நிறுத்துங்கள். போன ஆண்டுக்கு இந்த ஆண்டு அவன் என்ன கூடக் கற்றிருக்கிறான் என்று அவனை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் வாசிக்க, நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். அதைவிடப் பெரிய பரிசு மேடையில் இல்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எந்தப் பெயரால் கடவுளை வணங்கினாலும் சரி. கோயிலுக்குப் போகிற பிள்ளையாக இருக்கலாம், மாதா கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிற பிள்ளையாக இருக்கலாம். நாளை முதல் இப்படி வேண்டிக்கொள்ளுங்கள். "ஆண்டவா, இன்றைய பாடத்தை இன்றைக்கே படிக்கிற சக்தியைக் கொடு. யாரும் பார்க்காதபோதும் நேர்மையாக இருக்கிற புத்தியைக் கொடு. பிறகு எனக்கு என்ன தர வேண்டும் என்பது உனக்குத் தெரியும்." முதல் இரண்டையும் கேட்டுவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். மூன்றாவதை அவனிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் நாளை மருத்துவராகலாம், தாதியாகலாம், லாரி ஓட்டலாம், மோட்டார் பழுது பார்க்கலாம், இதே பள்ளிக்கு ஆசிரியராக வரலாம். எந்த வேலையானாலும் பூசலார் கல் அடுக்கியது போல் அடுக்குங்கள்.

பரிசு பெறும் பிள்ளைகளை வாழ்த்தி, பரிசு பெறாத பிள்ளைகளை அதைவிட ஒரு படி கூடுதலாக வாழ்த்தி, இந்தப் பள்ளிக்காகப் பெயர் தெரியாமல் உழைத்த, இன்றும் உழைக்கிற எல்லாருக்கும் நன்றி சொல்லி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.